வி.ஆர்.எம்., ஃபேஸ்: "அழுத்த இறக்கி", "கால்" பொருந்துமா?

வணக்கம்.

மதர்போர்டு தாய்ப்பலகை ஆகிவிட்டது. அதை மறுபடி கிளற வேண்டாம். சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடையில் அப்படிக் கேட்டால் ஒரு நொடி விழிப்பார்கள், அவ்வளவுதான். குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி கட்டுவோருக்கான கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் நாம் சிக்கி நிற்பது வி.ஆர்.எம். (தாய்ப்பலகையில் செயலிக்கு ஏற்ற அழுத்தத்தில் மின்சாரம் தரும் பகுதி), அதன் ஃபேஸ் (அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும் சுற்றுகளில் ஒன்று) ஆகிய இரண்டில்தான்.

> "மின்னழுத்தச் சீராக்கித் தொகுதி" போதுமே?

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. ஆனால் சீராக்கி என்றதும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டும் ஸ்டெபிலைசர்தான் நினைவுக்கு வருகிறது. ஏறி இறங்கும் 230 வோல்ட்டை நிலையாக வைப்பது அதன் வேலை. வி.ஆர்.எம்.மும் சீராக வைக்கத்தான் செய்கிறது. ஆனால் வாங்குபவர் அறிய வேண்டியது அது இறக்குவதை. மின்வழங்கி தரும் 12 வோல்ட்டைச் செயலிக்கு ஏற்ற 1.2 வோல்ட் அளவுக்குக் கொண்டுவருகிறது. அழுத்தம் பத்தில் ஒன்றானால் மின்னோட்டம் பத்து மடங்கு. இன்டெல் ஐ5-12400எஃப் செயலியின் உச்சத் திறன் 117 வாட், 1.2ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 100 ஆம்பியர். மலிவுப் பலகை சூடாவதும், சூடு தாளாமல் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் இதனால்தான். விளையாட்டு தடுமாறும்போது நாமோ வரைகலை அட்டையைத் (கிராஃபிக்ஸ் கார்டை) திட்டிக்கொண்டிருப்போம்.

பாடநூலில் "இறக்கு மின்மாற்றி" ஏற்கெனவே இருக்கிறது. அதே வழியில் "அழுத்த இறக்கி" என்கிறேன். "மின்னிறக்கி" இன்னும் கச்சிதம்தான். ஆனால் மின்னிறக்கம் என்ற சொல் வேறு பொருளில் புழங்குகிறது, இடி மின்னல் பாடத்தில்.

> ஃபேஸ் = கட்டம். இயற்பியலில் உள்ளதுதானே?

அலைக்குச் சரி. இங்கும் பொருள் தப்பில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சற்று விலகித்தான் அவை இயங்குகின்றன. சிக்கல் வாசகரிடம். "6 கட்ட அழுத்த இறக்கி" என்று படிப்பவர் முதல் கட்டத்தில் கொஞ்சம், இரண்டாம் கட்டத்தில் கொஞ்சம் என்று படிப்படியாக இறக்குவதாகவே நினைப்பார். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் 12இலிருந்து நேரே 1.2க்கு இறக்குகிறது, பக்கத்தில் பக்கத்தில் நின்று மாறி மாறிச் சுமக்கின்றன. "முறை" பொருத்தமாகத் தோன்றியது, ஆனால் "6 முறை" ஆறு தடவை ஆகிவிடும்.

ஆகவே "கால்". ஆயிரங்கால் மண்டபத்தில் கூரையின் பாரம் பிரிகிற மாதிரி, 100 ஆம்பியர் 4 காலில் இறங்கினால் காலுக்கு 25, 8 காலில் இறங்கினால் 12.5. தடையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், ஒரு காலின் இழப்பு நாலில் ஒன்றாகச் சுருங்கும். கால்கள் இரட்டிப்பானாலும் மொத்தம் பாதிதான். (சுற்றின் ஸ்விட்சுகள் திறந்து மூடும்போது ஏற்படும் இழப்பு தனிக்கணக்கு.) கால் என்றால் நாலில் ஒன்றும் ஆகுமே என்பார்கள். ஆறேகாலையும் ஆறு காலையும் குழப்பிக்கொள்ளும் தமிழரை நான் பார்த்ததில்லை.

பெட்டியில் அச்சிடும் "6+2" இதில் அழகாக உட்காரும்: செயலியின் கருக்களுக்கு (கோர்) 6 கால், உள்ளமைந்த வரைகலை போன்றவற்றுக்கு 2. சில பலகைகளில் ஒரே சைகையில் இரண்டு கால்கள் சேர்ந்து இயங்கும். பாரம் பிரியும், ஆனால் முறை மாற்றிச் சுமக்காது. விளம்பரம் அதையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். அதற்கு "சோடிக்கால்" என்று ஒரு சொல் கட்டாயம் வேண்டும். வாங்குபவர் ஏமாறுவது அங்கேதான்.

கையேட்டில் எப்படி ஒலிக்கும் என்று எழுதிப் பார்த்தேன் (எச்610, பி660 என்பவை தாய்ப்பலகையின் சிப்செட் வகைகள், அதாவது மற்ற பாகங்களைச் செயலியோடு இணைக்கும் சில்லு; மிகைவேகம் என்பது ஓவர்கிளாக்):

"எச்610, பி660 இரண்டுமே செயலியை மிகைவேகத்தில் ஓட்ட இடம்தராதவை. 12400எஃப் வாங்குபவர் பன்னிரண்டு கால் பலகைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அழுத்த இறக்கிமேல் உலோக வெப்பத்தகடு உள்ள 6 கால் பலகை போதும். மிச்சத்தை வரைகலை அட்டையில் போடுங்கள். நினைவகத்தை மிகைவேகத்தில் ஓட்டும் எண்ணமிருந்தால் மட்டும் பி660. டிடிஆர்4 நினைவகத்துக்கான பலகையில் டிடிஆர்5 நினைவகம் பொருந்தாது, பார்த்து வாங்குங்கள்."

எனக்கு உறுத்தவில்லை. "வெப்பத்தகடு" (ஹீட்சிங்க்) மட்டும் தற்காலிகம். பல தகடுகளைக் கொண்ட கட்டியை ஒருமையில் தகடு என்பது சரியில்லை.

சிப்செட்டை நான் தொடவில்லை. "சில்லுத்தொகுதி" என்று முன்மொழிந்தவர், எச்610 ஒரே ஒரு சில்லு என்பதற்கு ஒரு வழி சொன்னால் அடுத்து அதை எடுக்கலாம்.