பேச்சைக் கேட்கிறார்கள், பரிசோதனைக்குப் போவதில்லை. என்ன செய்யலாம்?

தேக்கா_தொண்டர்:
சிங்கப்பூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலுக்கு வரும் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேசுகிறோம். டிபி பாஸில் (குடும்பத்தார் அனுமதி) கணவரோடு வந்தவர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கியவர்கள் எல்லாரும் உண்டு. துண்டுப்பிரசுரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதோடு சரி. “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே” என்கிறார்கள். பணிப்பெண்களோ “ஆறு மாசத்துக்கு ஒருதரம் மெடிக்கல் எடுக்கிறாங்களே” என்கிறார்கள். எப்படித்தான் அனுப்பி வைப்பது?

தாதி_உட்லண்ட்ஸ்:
முதலில் அந்த மெடிக்கல் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். அதில் கர்ப்பம், சிஃபிலிஸ், எச்ஐவி, காசநோய் போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். கருப்பைவாயை யாரும் பார்ப்பதில்லை.

வயதுக் கணக்கு இது: 25 முதல் 29 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாப் டெஸ்ட் (கருப்பைவாய்ச் செல்களைப் பார்ப்பது), 30க்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி டெஸ்ட் (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது). உடலுறவு கொண்டவர்களுக்கே இது பொருந்தும். ஆனால் “யாருக்கு அந்த அனுபவம் உண்டு” என்று கூட்டத்தில் கேட்டுவிடாதீர்கள், கல்யாணமாகாத பெண் அதோடு வாயை மூடிக்கொள்வாள். விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேச்சைவிடப் பொருளைக் காட்டுவது பலன் தரும். பிளாஸ்டிக் ஸ்பெக்குலம் (உள்ளே பார்க்க வழிவிடும் கருவி) ஒன்று, மாதிரி எடுக்கும் சிறு பிரஷ் ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். “ஊசியா, கத்தியா” என்ற பயம் அங்கேயே பாதி போய்விடும். மாதிரி எடுக்கச் சில நிமிடம்தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே வறட்சியால் வலிக்கலாம், சின்ன ஸ்பெக்குலம் கேட்கலாம் என்று சொல்லி வையுங்கள். உடையும் முக்கியம்: சேலை, நீளப் பாவாடை என்றால் இடுப்புவரை தூக்கிக்கொண்டால் போதும். லெகிங்ஸைக் கழற்றியே ஆக வேண்டும், கூச்சம் கூடிவிடும்.

தீட்டு நாளில் போனால் திருப்பி அனுப்பக்கூடும். முந்தைய இரண்டு நாள் உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, உள்ளே கழுவுவது எதுவும் கூடாது. அதனால் பதிவு செய்யும்போதே அடுத்த மாதவிடாய் எப்போது என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். பலர் கடைசி நேரத்தில் விட்டுப்போவது இதனால்தான்.

கணக்கர்_ஈசூன்:
காசு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே வார்த்தை சொல்லாதீர்கள். ஸ்கிரீன் ஃபார் லைஃப் என்ற அரசுப் பரிசோதனைத் திட்டத்தின் கட்டணச் சலுகை குடியுரிமை உள்ளவர்களுக்கு: ஹெல்தியர் எஸ்ஜி என்ற குடும்ப டாக்டர் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு இலவசம். பதியாதவர்களில் சாஸ் (மருத்துவ உதவித் திட்டம்) நீலம், ஆரஞ்சு அட்டை இருந்தால் 2 வெள்ளி, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 5 வெள்ளி. பிஆர்களுக்குக் கட்டணம் வேறு, பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) கேட்க வேண்டும். டிபி, வொர்க் பெர்மிட் (பணிப்பெண்கள் போன்றோர்) என்றால் முழுக் கட்டணம்தான். கம்பெனி இன்ஷூரன்ஸ் இதைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது.

தனியார் கிளினிக்கில் ஃபோனில் சொல்வது டெஸ்ட் விலை மட்டுமாக இருக்கும், டாக்டர் ஃபீஸ் தனி. “மொத்தம் எவ்வளவு” என்று கேளுங்கள். பணிப்பெண்ணுக்கு ஓய்வு ஞாயிறு, பாலிகிளினிக்குகளோ ஞாயிறு மூடல். ஞாயிறு திறந்திருக்கும் கிளினிக்குகளில் பாப் எடுப்பார்களா, அன்றைக்குப் பெண் டாக்டர் இருப்பாரா என்று நீங்களே முன்கூட்டி விசாரித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மலர்_ஜூரோங்:
தாதி அக்கா சொன்னதோடு ஒன்று. ரிசல்ட் வந்த பிறகுதான் நிஜச் சிக்கல். “எச்பிவி பாசிட்டிவ்” என்று ஆங்கிலத்தில் வந்தால் புற்றுநோய் என்று அழுவார்கள், இல்லை வீட்டில் சந்தேகம் கிளம்பும். இரண்டும் தப்பு. உடலுறவு கொண்ட பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும் வைரஸ் இது. பல ஆண்டு சத்தமில்லாமல் இருந்துவிட்டுத் தெரியலாம், அதனால் யார் எப்போது கொடுத்தது என்று சொல்லவே முடியாது. கணவர்கள் வரும் கூட்டத்தில் இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லுங்கள், அப்புறம் சொன்னால் சமாளிப்பு போல இருக்கும்.

எச்பிவியில் 16, 18 வகை வந்தால் நேராக கால்போஸ்கோப்பி (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது). வேறு வகை என்றால் செல்களைப் பார்ப்பார்கள், அது சரியாக இருந்தால் 12 மாதத்தில் மறுபரிசோதனை. தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போகப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும், அந்த இடைவெளியில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், “ஒண்ணும் இல்லையே” என்பவருக்கு இதுதான் பதில்.

தேக்கா_தொண்டர்:
நன்றி. எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை வேண்டுமா?

தாதி_உட்லண்ட்ஸ்:
வேண்டும், தடுப்பூசி எல்லா வகையையும் தடுக்காது. ஒன்று விட்டுப்போச்சு: உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் என்று யாராவது சொன்னால் பரிசோதனை வரிசையில் நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.