முகத்தைப் பார்த்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா?

பொருநை (கேள்வி):

நான் பணிபுரியும் சிறு நிறுவனத்தில் கணக்கர் பணிக்குச் சென்ற வாரம் நேர்காணல் நடந்தது. தேர்வு செய்யும் மூவரில் நானும் ஒருத்தி. எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்ற இளைஞரை எங்கள் மூத்த அலுவலர், "கண் குழி விழுந்திருக்கிறது, உதடு மெலிந்திருக்கிறது, இவரிடம் பணப்பெட்டியை ஒப்படைக்க முடியாது" என்று ஒதுக்கிவிட்டார். அவர் சாமுத்திரிகா லட்சணத்தில் ஈடுபாடு உடையவர். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. முக அமைப்புக்கும் நேர்மைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஏதேனும் ஆதாரம் இருக்கிறதா?

வைகைக்கரை:

அம்மா, இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. சூரிச் நகரப் பாதிரியார் லவாட்டர் 1775 முதல் வெளியிட்ட முகக்குறி நூல்கள் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தன. அவற்றில் நம்பிக்கை கொண்டிருந்த பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், 1831இல் தம்மைக் காண வந்த 22 வயது சார்லஸ் டார்வினின் மூக்கைப் பார்த்து, இத்தகைய மூக்கு உடையவருக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று ஐயுற்றார். இதைப் பிற்காலத்தில் டார்வினே எழுதியிருக்கிறார். அந்த ஐயம் வென்றிருந்தால், ஏறத்தாழ 5 ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் அவர் திரட்டிய எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறவிக் குற்றவாளிகளைத் தாடை, காது, நெற்றி ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே அடையாளம் காணலாம் என்றார். இங்கிலாந்தில் சிறை மருத்துவராக இருந்த சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மற்றவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். உயரத்திலும் எடையிலும் கைதிகள் சற்றுக் குறைந்திருந்தனரே தவிர, குற்றவாளிக்கென்று தனி முகம் எதுவும் தென்படவில்லை. தங்கள் அலுவலரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நம் நாட்டிலும் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தைச் சாதிப் படிநிலையோடு பொருத்திக் காட்ட முயன்றார். "நம்பத் தகுந்த முகம்" என்று நாம் சொல்லும்போது அதில் நிறமும் சாதியும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைவீதி:

நான் 30 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். முகத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கிறேன்; ஏமாந்தது மிகக் குறைவு. நூல்கள் என்ன சொன்னாலும் அனுபவத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதே என் கருத்து.

செங்கொன்றை:

ஐயா, தங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்பதைத் தாங்கள் அறிய வழியே இல்லை அல்லவா? ஒதுக்கப்பட்டவர் தம் நேர்மையை நிறுவ வாய்ப்புப் பெறுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கணிப்பு என்றும் பொய்ப்பதில்லை. மேலும், தாங்கள் கடன் கொடுப்பவர்களின் தெரு, தொழில், உறவு எல்லாம் தங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த அறிவின் பெருமையை முகத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடரோவ் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரமே முகத்தைக் கண்டவர்கள் அது நம்பகமானதா என்று முடிவு கட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை. தம் முடிவின் மீதிருந்த உறுதிதான் கூடியது. பலருக்கும் ஒரே முகம் ஒரே விதமாகத் தோன்றுவது உண்மை. அந்த ஒற்றுமையைச் சான்று என்று எடுத்துக்கொள்வதே நம் பிழை.

பொருநை அவர்களுக்கு ஒன்று. "கடுத்தது காட்டும் முகம்" என்று வள்ளுவர் சொன்னது, நெஞ்சில் அப்போது மிகுந்திருக்கும் உணர்வை முகம் காட்டும் என்பதைத்தான். கோபமும் அச்சமும் முகத்தில் தெரியும். நேர்காணலுக்கு வந்த இளைஞரிடம் தெரிந்ததும் பதற்றமாக இருக்கலாம். எலும்பின் அமைப்பைக் குறித்தோ, "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்று அவரே விலக்கியிருக்கிறார்.

பொருநை:

அனைவருக்கும் நன்றி. பணி ஆணை இன்னும் யாருக்கும் வழங்கப்படவில்லை. அந்த இளைஞர் முன்பு பணியாற்றிய இரண்டு இடங்களில் அவருடைய கணக்கு எப்படி இருந்தது என்று விசாரித்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று திங்கட்கிழமை எழுத்து மூலம் கேட்கப் போகிறேன். அடுத்த நேர்காணலில் மூவரும் ஒரே கேள்விகளைக் கேட்டு, கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் இடவேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.