புதுப்பிப்பு: குட்டைப் பன்றிகளின் மரபணுப் பன்மை அளவீடு

இந்த அளவீட்டுக்கான டி.என்.ஏ. சோதனைக்குப் பன்றியின் மயிரைக் கத்தரித்து அனுப்பலாமா என்று முந்தைய பதிவில் கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. சோதனைக்குப் போதிய டி.என்.ஏ. வேரில்தான் இருக்கு, முதுகில் 30 மயிர் பிடுங்குங்கோ, அடியில் வெள்ளைக் குமிழ் தெரியவேணும். பொலித்தீன் பையில் போட்டால் வன்னி மாரியில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடித உறைதான் நல்லது.

மைக்ரோசாட்டலைட் குறி என்பது டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம். அதன் இரு பிரதிகளின் நீளத்தைத்தான் எண்களாகத் தருவினம், குட்டியின் ஒரு பிரதி தாயிடமிருந்து வந்திருக்கவேணும். சோதனை முடிவில் தாய் 152/152, குட்டி 158/158 என்று ஒரேயொரு குறியில் மட்டும் முரண்பட்டால் பிரைமர் (அந்த இடத்தைப் படியெடுக்க ஒட்டவேண்டிய சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டாமல் ஓர் அலீல் (அந்தப் பிரதிகளில் ஒன்று) மறைந்திருக்கக்கூடும். அந்தக் குறியைக் கணக்கில் சேர்த்தால் உட்கலப்பு (உறவுக்குள்ளேயே இனம் சேர்வது) மிகையாகத் தெரியும். பல குறிகளில் முரண்பட்டால் மாதிரி மாறியிருக்கு, அல்லது தாய்ப் பதிவு பிழை.

ஒரு கடுவனும் 4 பெட்டையும் என்றால் தலைமுறைக்கு 1/8 + 1/32, அதாவது 15.6% உட்கலப்பு ஏறும். இன்னொரு கடுவன் சேர்ந்தாலே 9.4%. பெட்டைகளைக் கூட்டுவதைவிட இதுதான் முக்கியம்.