மறு: 'இன்ரர்பிரற்றேஷன்' – 'வாசிப்பு' என்றே வைப்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். பியானோ படிக்கும் பிள்ளைகளுக்கான சொற்றொகுதியில் இரண்டு கிழமையாக 'இன்ரர்பிரற்றேஷன்' (interpretation) என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறோம். எழுதப்பட்ட இசையை ஒரு கலைஞர் விளங்கிக்கொண்டு ஒலிக்கும் முறையைத்தான் அது குறிக்கிறது. நிற்பது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே சொனாற்றாவுக்கு (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப்படைப்பு) முப்பது நாற்பது பதிவுகள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. எதைக் கேட்பது, ஏன் கேட்பது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால் முதலில் இந்தச் சொல் வேண்டும்.

> 'பொருள்கோள்' நன்னூலிலேயே இருக்கும் சொல். புதிதாக ஆக்கத் தேவையில்லை.

ஐயா, சொல் அழகானது. ஆனால் பொருந்தவில்லை. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளும் செய்யுளின் சொற்களை எப்படி எடுத்துக் கூட்டிப் பொருள் காண்பது என்பதைப் பற்றியவை. கொண்டுகூட்டு என்றால் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து வேறோர் இடத்தில் சேர்க்கிறோம். பியானோ வாசிப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. பீத்தோவன் எழுதிய சுரம் எழுதிய இடத்திலேயே ஒலிக்க வேண்டும். வாசிப்பவர் முடிவு செய்வது வேகம், அழுத்தம், மிதி (காலால் அழுத்தும் பெடல்), மௌனம் எவ்வளவு நீளலாம் என்பது போன்றவற்றைத்தான்.

'பாடாந்தரம்' என்று எழுதியவருக்கும் இதே பதில். எங்கள் கர்நாடக இசையில் பாடாந்தரம், அதாவது குருவழி வந்த பாட வடிவம், மாறினால் சங்கதியே மாறும். 'விளக்கம்' என்றால் ஆசிரியர் வாயால் சொல்வது. 'இசையுரை' என்று யாராவது அறிவித்தால் நான் ஒரு சொற்பொழிவுக்குத்தான் போய் உட்காருவேன்.

என் முன்மொழிவு 'வாசிப்பு'.

கோயில் வெளிவீதியில் மேளச் சமா நடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார்? "அந்த ஆளின்ர வாசிப்பு வேற." அவர் கீர்த்தனையைச் சொல்லவில்லை, ஒலிபெருக்கியைச் சொல்லவில்லை, அன்றைக்கு நாதஸ்வரத்தின் சீவாளி சரியாக இருந்ததா என்பதையும் சொல்லவில்லை. அந்தக் கலைஞர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதைச் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் இணுவிலிலும் அளவெட்டியிலும் காலங்காலமாகப் புழங்கும் சொல் இது. தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வாத்தியத்தையும் வாசிக்கிறோம். இலக்கியக்காரர்கள் ஏற்கெனவே ஒரு பிரதியைப் புதிதாக விளங்கிக்கொள்வதை 'மறுவாசிப்பு' என்கிறார்கள். எழுதப்பட்ட தாளைக் கண்ணால் வாசித்து, விரலால் வாசிக்கும் பியானோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் டொக்ரர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது பல சொற்களை ஆக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு இங்கே அந்த வேலை இல்லை. வாயில் இருப்பதைத் தாளில் இறக்கினால் போதும்.

ஒரு தடை வரும் என்று தெரியும். 'வாசிப்பு' என்றால் மேடையில் வாசிக்கும் செயலையும் குறிக்குமே? குறிக்கும். அதற்கு எங்கள் நாடகக்காரர்களிடம் நல்ல சொல் இருக்கிறது: 'ஆற்றுகை'. அரங்க ஆற்றுகை என்று இங்கே எல்லோரும் எழுதுகிறார்கள். அதை இசைக்கும் எடுத்துக்கொள்வோம். அப்போது மூன்று சொற்கள் தனித்தனியாக நிற்கும். வாசிப்பு என்பது விளங்கிக்கொண்ட முறை. ஆற்றுகை என்பது ஒரு நாளில், ஓர் இடத்தில் அதை நிகழ்த்தியது. பதிவு என்பது அது நாடாவிலோ தட்டிலோ விழுந்த விதம்.

இந்த மூன்றையும் பிரிக்காமல் நல்ல பதிவு எது என்று கேட்பதால்தான் குழப்பம். பியானோக் கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை லண்டனில் பீத்தோவனின் 32 சொனாற்றாக்களையும் பதிந்தார். முழுத் தொகுதியை முதலில் பதிந்தவர் அவர். பதிவைக் கேட்டால் இரைச்சல். ஆற்றுகையில் தவறிய சுரங்களும் உண்டு. ஹாமர்க்ளாவியர் சொனாற்றா, அதாவது ஓப்பஸ் (படைப்பு எண்) 106, முதற் பகுதியில் அரைச் சுரத்துக்கு நிமிடத்துக்கு 138 என்று பீத்தோவனே வேகம் குறித்திருக்கிறார். பியானோ சொனாற்றாக்களில் அவர் மெட்ரனோம் (வேகம் காட்டும் கருவி) எண் கொடுத்தது இதற்கு மட்டும்தான். ஷ்னாபெல் அந்த வேகத்தை உண்மையாகவே எட்டப் பார்க்கிறார், விரல்கள் தடுமாறுகின்றன. ஆனால் வாசிப்பு? அந்த எண்ணை ஒரு மனிதர் நம்பினால் என்ன நடக்கும் என்பது அங்கே கேட்கிறது. எமில் கிலெல்ஸ் பிற்காலத்தில் அதே பகுதியை நிதானமாக, கோபுரம் கட்டுவது போல வாசித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் "கிலெல்ஸ் சுத்தமாக இருக்கு, அதையே கேள்" என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால், பதிவின் தரத்தைக் காட்டி ஒரு வாசிப்பை மறைத்ததாகிவிடும்.

இது எனக்குச் சொந்த அனுபவத்தில் பட்ட விஷயம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில்தான் கசற் கேட்டோம். தம்பி மிதிப்பான், நான் ஓப்பஸ் 27 இலக்கம் 2, நிலவொளி சொனாற்றாவின் முதற் பகுதியைக் கேட்பேன். அவன் களைத்தால் சுரம் இறங்கும், இசை இழுபடும். நடுப்பகுதியில் ஓர் இடத்தில் பியானோக்காரர் அப்படித் தாழ்ந்து தயங்கிப் போகிறார் என்று பல வருடம் நம்பியிருந்தேன். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்தும் இருந்தது. பிறகு கொழும்பில் அதே கலைஞரை நல்ல கருவியில் கேட்டபோது அது அங்கே இல்லை. வாசிப்பு என்று நான் நினைத்தது கேட்ட கருவியின் குறை.

அதே பகுதியில் உண்மையான வாசிப்புப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அது இன்னும் சுவையானது. முழுவதையும் ஒலியடக்கிகள் இல்லாமல், அதாவது மிதியால் அவற்றைத் தந்திகளிலிருந்து தூக்கி வைத்தபடி, வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் எழுதிவைத்தார். 1801இன் பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் மெல்லிய மூட்டம்தான். இன்றைய பெரிய பியானோவில் அப்படி மிதியை அழுத்தியே வைத்தால் சுருதிகள் கலங்கும். ஆகவே பெரும்பாலானோர் இசைவு மாறும்போதெல்லாம் மிதியை மாற்றுகிறார்கள். ஆந்திராஷ் ஷிஃப் பீத்தோவன் சொன்னதை அப்படியே எடுத்து, மிதியை வைத்தபடி, பலர் வாசிப்பதைவிட வேகமாகப் போகிறார். தாளில் இருப்பது ஒரே வரிதான். எழுத்துக்குக் கீழ்ப்படிவதா, அன்று கேட்ட ஒலிக்குக் கீழ்ப்படிவதா என்பதில் பிரிகிறார்கள். இதைக் 'கண்ணோட்டம்' என்று சொன்னால் விரல் இல்லை. 'வாசிப்பு' என்றால் இரண்டும் இருக்கிறது.

பதிப்பு வேறுபாட்டை இதனோடு கலக்க வேண்டாம். ஹாமர்க்ளாவியரில் முதற் கருத்து திரும்பி வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சுரம் ஏ-ஷார்ப்பா (அரைப்படி உயர்ந்தது), ஏ-நச்சுரலா (உயராதது) என்று நெடுங்கால வழக்கு. பீத்தோவனின் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. அச்சில் ஷார்ப், அவர் நச்சுரல் குறியிட மறந்தார் என்பது ஒரு சாராரின் கட்சி. இப்படிப் பிரதிக்குப் பிரதி மாறும் இடத்துக்குப் 'பாடபேதம்' போதும். ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் ஊரில் இருந்துகொண்டு வேறு சொல் தேட வேண்டியதில்லை. அப்படியே, ஆசிரியர் எழுதிய மூல வடிவத்துக்கு 'மூலபாடம்'.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கொக்குவிலிலிருந்து

*

தம்பி, ரொறன்ரோவிலிருந்து அக்கா எழுதுகிறேன்.

மூன்று சொல்லும் பிடித்திருக்கிறது, 'ஆற்றுகை' மிக நன்று. இரண்டு கேள்வி. ஒன்று: பாடகர் வாசிப்பதில்லையே, ஷூபேர்ட்டின் பாட்டுகளுக்கு என்ன செய்வது? இரண்டு: ஒருவரே இரண்டு முறை பதிந்தால் இரண்டு வாசிப்பா, ஒரே வாசிப்பின் இரண்டு ஆற்றுகையா? வில்ஹெல்ம் கெம்ப் பீத்தோவன் தொகுதியை ஐம்பதுகளில் ஒருமுறை, 1964–65இல் ஸ்ரீரியோவில் மறுமுறை பதிந்தார். பிள்ளை கட்டாயம் கேட்கும்.

*

அக்கா, நல்ல கேள்விகள்.

முதலாவதில் விட்டுக்கொடுக்கிறேன். பாடகருக்கு இது பொருந்தாது. சொற்றொகுதியில் 'வாத்திய இசை' என்று குறித்து வைப்போம், பாட்டுக்கான சொல்லைப் பாடுபவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவதுக்கு ஒரு விதி சொல்ல முடியாது, கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கெம்ப்பின் இரண்டு தொகுதியிலும் எனக்குக் கேட்பது பெரும்பாலும் ஒரே வாசிப்பு, பதிவுதான் மாறியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கிளென் கூல்ட். பாக்கின் கோல்ட்பேர்க் வேரியேஷன்ஸ் சொனாற்றா அல்லதான், ஆனாலும் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1955இல் பதிந்தது 38 நிமிடம், 1981இல் பதிந்தது 51 நிமிடம். கை ஒன்றுதான், வாசிப்பு இரண்டு.

ஷூபேர்ட் என்றதும் அவருடைய சொனாற்றா டி. 960 நினைவுக்கு வந்துவிட்டது. 1828 செப்ரெம்பரில் முடித்தார், நவம்பரில் இறந்துபோனார். எனக்கு எல்லாச் சொனாற்றாக்களிலும் நெருங்கியது இதுதான். முதற் பகுதியின் தொடக்கப் பிரிவை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் குறி இருக்கிறது. அப்படித் திரும்பும் இடத்தில் மட்டும் ஒன்பது தாளக்கட்டங்கள் வரும், வேறெங்கும் வராது. மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் அதுவரை மெதுவாக முணுமுணுத்த ட்ரில் (இரு சுரங்களின் விரைவான அதிர்வு) அங்கே உரத்து வெடிக்கும். பியானோக் கலைஞர் பிரெண்டல் அந்த மீட்டலை, அதாவது திரும்ப வாசிப்பதை, விட்டுவிடுவார், அந்த ஒன்பதும் கேட்காது. ரிக்ரர் மீட்டுவார், அதுவும் அவ்வளவு ஆறுதலாக வாசிப்பதால் 1972 பதிவில் முதற் பகுதி மட்டும் 24 நிமிடத்துக்கு மேல் போகும். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டால் ரிக்ரரை முதலில் கொடுப்பேன். அந்த ட்ரில் வெடிக்காவிட்டால், பிறகு வருகிற அமைதிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. பியானோக் கலைஞர் டினு லிபாத்தி 1950 செப்ரெம்பர் 16இல் பெசான்சோனில் கடைசி நிகழ்ச்சியைக் கொடுத்தார். நோயில் தளர்ந்துபோயிருந்தார். சொப்பினின் 14 வோல்ற்ஸ்களில் 13 வாசித்தார், கடைசியை வாசிக்க உடம்பு விடவில்லை. அதே நிகழ்ச்சியில் மொசாற்றின் ஏ மைனர் சொனாற்றா, கே. 310, இருக்கிறது. அதைப் பற்றிப் பேச 'ஆற்றுகை' என்ற சொல் தனியாக வேண்டும். அங்கே நாம் கேட்பது சொனாற்றாவை அவர் எப்படி விளங்கினார் என்பதை மட்டுமல்ல, அந்த மாலையையும்தான்.

ஆகவே நாளை சொற்றொகுதியில் இப்படிச் சேர்க்கிறேன், மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள்:

வாசிப்பு – எழுதப்பட்ட இசையை ஒரு கலைஞர் விளங்கிக்கொண்டு ஒலிக்கும் முறை (வாத்திய இசை). எ-டு: 'ஷ்னாபெலின் வாசிப்பில் வேகம் கூட.'
ஆற்றுகை – குறித்த நாளில், குறித்த இடத்தில் நிகழ்த்தியது.
பதிவு – அதன் ஒலிப்பிடிப்பு.

'மீட்டல்' என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, வீணையை மீட்டுவதோடு கலக்கிறது. அதற்கு வேறு மடல் போடுகிறேன்.