மறுமொழி: தேர்வு அட்டவணையில் 'கிளாஷ்' – மோதலா, பிணக்கா, இடிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை காலை பாடக்குறிப்பை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். தமிழ் வழியில் இளநிலைக் கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கானது. தேர்வு அட்டவணை போடுவதைக் கோட்டுருவாக, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக, காட்டும் பாடம் அது. கோட்டுரு, முனை (புள்ளி), விளிம்பு (கோடு) ஆகிய சொற்களில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தாள் ஒவ்வொன்றும் ஒரு முனை. ஒரு மாணவராவது இரண்டு தாளையும் எழுத வேண்டியிருந்தால் நடுவே ஒரு விளிம்பு. ஒரு தேர்வு வேளைக்கு ஒரு நிறம்; விளிம்பால் இணைந்த இரண்டு தாளுக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. அந்த விளிம்பு குறிக்கும் உறவுக்கு, ஆங்கிலத்தில் 'கிளாஷ்' என்பதற்கு, தமிழில் என்ன பெயர் என்பதில்தான் நிற்கிறோம்.

> பிணக்கு என்பதே நல்ல தமிழ். பின்னிக்கிடத்தல், மாறுபடுதல் இரண்டு பொருளும் அதில் உண்டு.

ஐயா, சொல் அழகானது. ஆனால் அடுத்த மடலிலேயே 'பிணையும் பேணும் பெட்பின் பொருள' என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவுக்கும் போனீர்கள். பெட்பு விருப்பமல்லவா? ஒரே வேளையில் வரக்கூடாத இரண்டு தாளுக்கு அந்த வேர் பொருந்தவில்லை. அதோடு, பிணக்கு என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது பேச்சு நின்றுபோன சொந்தக்காரர்கள்.

> அறையில் இடம் போதாததையும் இதே சொல்லில் அடக்கலாமே?

கூடாது. இடப்பற்றாக்குறை பல தாள்கள் சேர்ந்து உண்டாக்குவது. இதுவோ இரண்டு தாளுக்கு நடுவே மட்டும் இருப்பது. கலந்தால் பாடமே குழம்பும்.

கரும்பலகையில் நான் போடுவது இதுதான். மூன்றாம் ஆண்டுக்கு இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, இயக்கவியல். முதலாண்டுக்குத் தமிழ், ஆங்கிலம், நுண்கணிதம். இரண்டு முக்கோணங்கள், நடுவே தொடர்பில்லை, மூன்று வேளை போதும். இப்போது மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்கு நுண்கணிதத்தில் அரியர். உடனே நுண்கணிதத்திலிருந்து அந்த மூன்று தாளுக்கும் கோடு போகிறது. நான்கும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டதால் நான்காவது வேளை இல்லாமல் முடியாது. ஒரே ஒரு அரியர்! பின்வரிசையில் எப்போதும் ஒரு குரல் வரும்: "சார், எனக்கும் ரெண்டு பேப்பர் இடிக்குது."

அதனால்தான் இடிப்பைச் சொன்னேன். 'இந்த இரண்டு தாளும் இடிக்கும்' என்றால் வரையறையே தேவையில்லை. பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் சிக்கல். இடிப்பு என்றால் கட்டடம், இடி என்றால் வானம். 'இடிபடாத அட்டவணை' எனக்குப் பிடித்திருக்கிறது, பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை.

மெய்ம்மயக்கத்தை, அதாவது சொல்லுக்குள் எந்த மெய்யெழுத்தை அடுத்து எந்த மெய் வரலாம் என்ற இலக்கணத்தை, நினைவூட்டிய தங்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். க, ச, த, ப தம்மோடு மட்டுமே சேரும்; ர, ழ தம்மோடு சேரவே சேரா. எது எதனோடு நிற்கலாம் என்று நம் இலக்கணம் போட்ட பட்டியலும் ஒரு கோட்டுருதான். அடுத்த ஆண்டுப் பாடத்தில் பயிற்சிக் கணக்காக வைக்கிறேன். ஆனால் மயக்கம் கூடுவதைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது கூடாமை.

சரி, இதுவரை வந்த மடல்களில் 'மோதல்' பக்கம்தான் ஆள் அதிகம். கோட்டுருவுக்கு நிறம் கொடுக்க வெல்ஷும் பவலும் 1967இல் சொன்ன வழியை அதை வைத்து எழுதிப் பார்த்தேன்: 'மோதல் மிகுந்த தாளுக்கு முதலில் நிறம் கொடு, அதனோடும், அந்நிறம் பெற்ற பிறவற்றோடும் மோதாத தாள்களுக்கெல்லாம் அதே நிறம் கொடு, பிறகு அடுத்த நிறத்தை எடு.' தடங்கலில்லாமல் ஓடுகிறது. அச்சில் மோதல் என்றே போடுகிறேன். வகுப்பில் 'இடிக்கும்' என்றுதான் பேசுவேன். பிணக்கு ஐயாவின் மறுப்பு அடிக்குறிப்பாக வரும்.

அப்புறம், நிறமா வண்ணமா? குரு, கெழு என்ற சொற்களுக்குப் பொருள் சொல்லும்போது தொல்காப்பியமே 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்பதால் என் கை நிறத்துக்கே போகிறது. வண்ணத்தை விடமாட்டேன் என்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.