பார்க்கும் இடத்தில் மட்டும் தங்கம் பொடிப்பொடியாக வளர்கிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்பைடு (மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மிக மெல்லிய படலம்) மேல் தங்க ஆவியைப் படியவிட்டு, நானோ படிகங்கள் வளர்வதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே வீடியோ எடுக்கிறேன். 80 கிலோவோல்ட். பீம் (எலக்ட்ரான் கற்றை) விழுந்த வட்டத்துக்குள் 2, 3 நானோமீட்டர் பொடிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சற்றே நகர்த்திப் பார்த்தால், அதே படலத்தில் 10 நானோமீட்டரைத் தாண்டிய முக்கோணங்கள், தள்ளித் தள்ளி. வட்டத்தின் ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கிறது. மூன்று மாத வீடியோக்களும் இப்படித்தான். நான் பார்த்தது தங்கத்தின் இயல்பான வளர்ச்சிதானா?

பதில் 1:
ஓரம் அவ்வளவு கூர்மை என்றால் பீம்தான் காரணம். 80 கிலோவோல்ட்டிலும் கந்தக அணுக்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் போகும். குறையில்லாத பரப்பில் தங்க அணு வெகுதூரம் ஓடி, ஏற்கெனவே உள்ள படிகத்தில் போய்ச் சேரும். கந்தகம் போன குழி எதிர்ப்பட்டால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். குழிக்கு ஒரு கரு (படிகம் வளரத் தொடங்கும் புள்ளி), அதனால்தான் இத்தனை பொடி. படியும்போது பீமை மூடிவையுங்கள். இடையிடையே திறந்து, ஒவ்வொரு முறையும் புது இடத்தில் ஒரே ஒரு படம் எடுங்கள்.

பதில் 2:
அவசரப்பட வேண்டாம். பரப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ரோகார்பனையும் (கரிமக் கசடு) பீம் கரியாக்கிவிடும், அதன்மேலும் தங்கம் இப்படித்தான் பொடியாக நிற்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, எலக்ட்ரான்கள் படிகத்தில் சிதறி உண்டாக்கும் புள்ளிக்கோலம், அதாவது டிஃப்ராக்‌ஷன் போதும். தங்கம் நேராகப் படலத்தில் அமர்ந்திருந்தால் அதன் 1.44 ஆங்ஸ்ட்ராம் புள்ளிகள் (எண் அணு வரிசைகளின் இடைவெளி; அது குறைந்தால் புள்ளி வெளியே தள்ளும்), படலத்தின் 1.58 ஆங்ஸ்ட்ராம் புள்ளிகளுக்குச் சற்று வெளியே, அதே திசையில் ஆறாக நிற்கும். நடுவில் கரி இருந்தால் திசை தெரியாமல் வளையமாகிவிடும். படலத்தை மாற்றி ஒட்டும்போது, கரியாகும் எச்சம் விடும் பிளாஸ்டிக்கான பிஎம்எம்ஏ பயன்படுத்தினீர்களா?

கேட்டவர்:
ஆமாம், பிஎம்எம்ஏதான். இருவர் சொன்னதையும் செய்தேன். பழைய வட்டத்தில் வளையம்! அதன் மேல் ஆறு மங்கலான புள்ளிகளும் உண்டு. அப்படியானால் கரி, குழி இரண்டுமே இருக்கிறதா?

பதில் 2:
அப்படித்தான் தெரிகிறது. புது மாதிரியைத் தங்கம் விடும் முன் வெற்றிடத்திலேயே சில மணி நேரம் சூடாக்குங்கள். வளையம் போய்ப் புள்ளிகள் நின்றால், மிச்சமுள்ள பொடி குழிகளின் வேலை.

கேட்டவர்:
சூடாக்கி, பீமை மூடிவைத்து நேற்று எடுத்தேன். வளையம் இல்லை. திறந்த ஒவ்வொரு இடத்திலும் பெரிய முக்கோணங்கள், ஒன்றின் முனை மேலே என்றால் பக்கத்தில் இருப்பது அதையே தலைகீழாகக் கவிழ்த்ததுபோல். தொடர் வீடியோ கிடைக்கவில்லை, தனித்தனிப் படங்கள்தான். பழைய வீடியோக்களில் எண்ணிய கரு எண்ணிக்கையை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.