ஒட்டு கட்டுன கத்திரி நாத்து மூணே நாள்ல கறுத்துப் போவுது, உதவி பண்ணுங்க

நெல்லிக்குப்பம் தம்பி:
வணக்கம். மண்ணுலேர்ந்து வேர்வழியா ஏறுற வாடல் நோய்க்கு பயந்துதான் இந்த வருஷம் அத தாங்குற சுண்டைய அடிச்செடியா (வேர் இருக்குற கீழ்ப்பகுதி) வெச்சி, அதுமேல கத்திரித் துண்ட ஒட்டு கட்டுறேன். சாய்வா வெட்டி கிளிப் போட்டு பாலித்தீன் கூடாரத்துக்குள்ள வெக்கிறேன், காலைல நல்லா நிக்குது, 11 மணிக்கு மேல எல ஈரத்துணி கணக்கா தொங்கிடுது, மூணாம் நாள் மேல்துண்டு கறுத்து கிளிப்போட கையில வருது. தினம் நாலு வாட்டி தண்ணி ஊத்துறேன், நாத்துத்தட்டுல ஈரம் கொறையவே இல்ல. நூறுக்கு முப்பது கூட தேறல, மனசே விட்டுப்போச்சு.

பாகூர் அண்ணன்:
தம்பி, வேர்ல எவ்ளோ ஊத்துனாலும் மேல போவாது. வெட்டுன எடத்துல நீர்க்குழாய் அறுந்து கெடக்கு, மொதல்ல ரெண்டு பக்கமும் வெள்ளையா சதை வளந்து ஒட்டும், அப்பறம்தான் குழாய் சேரும், அதுக்கு ஒரு வாரம் ஆவும். அதுவரை மேல்துண்டுக்கு செலவுதான், வரவு கெடையாது. நாத்து எங்க வளந்துச்சு? கூடாரம் எங்க இருக்கு?

நெல்லிக்குப்பம் தம்பி:
நாத்து வேப்பமரத்தடி நிழல்லண்ணே, தளதளன்னு இருந்துச்சு. கூடாரம் களத்துல, மதியம் வரைக்கும் வெயில் அடிக்கும்.

பண்ருட்டி அக்கா:
ரெண்டுமே தப்பு தம்பி. நிழல்ல தண்ணி தாராளமா குடிச்ச நாத்துக்கு எல மெல்லிசு, மேல மெழுகு கம்மி, வெட்டுனதும் தண்ணிய வேகமா விட்டுடும். கட்டுறதுக்கு 4, 5 நாள் முன்னாடியே வெயில் காட்டு, தண்ணிய கொஞ்சம் இழுத்துப் பிடி, வாடுற அளவுக்கு வேணாம். பெரிய எலைய பாதி நறுக்கிடு. கூடாரத்த நெழலுக்கு மாத்து, வெயில்ல மூடி வெச்சா உள்ள அவிஞ்சிடும், எல சூடானா ஈரக்காத்து இருந்தும் தண்ணி போவும். 25லேர்ந்து 28 டிகிரி, ஈரப்பதம் 90க்கு மேல, மொத ரெண்டு நாள் இருட்டு. வெளிச்சம் பட்டா எலத்துளை தொறந்துக்கும், அதுவழியா தண்ணி போயிடும். தண்ணிய கீழ தரைல தெளி, ஒட்டு மேல சொட்ட விடாத, அழுகிடும்.

பாகூர் அண்ணன்:
அக்கா சொல்றது சரி. அஞ்சாறு நாள் கழிச்சி சாயங்காலமா கொஞ்சம் கொஞ்சமா தொற, ஒரேடியா தொறந்தா காத்துல வாடிடும்.

நெல்லிக்குப்பம் தம்பி (பத்து நாள் கழிச்சி):
அக்கா, ஒரு தட்டு மட்டும் நீங்க சொன்னபடி பண்ணேன், முக்காவாசிக்கு மேல நிக்குது, புதுக்கொழுந்தே வந்துடுச்சு! ஆனா சிலதுல கிளிப்புக்கு மேல வெள்ளையா முள்ளு மாதிரி மொளைக்குது, அது என்ன?

பண்ருட்டி அக்கா:
அது கத்திரியோட வேர், ஈரம் அதிகமானா விடும். இப்பவே பிளேடால சீவிடு, கூடாரத்த இன்னும் தொற. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கணும். அந்த வேர் மண்ணுல எறங்குச்சுன்னா சுண்டைல கட்டுனதே வீண், வாடல் நோய் அதுவழியா ஏறிடும்.